அசையாத எலி அமைதியான எலி அல்ல

கடையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டிலிருந்தோ ஓர் எலியை வாங்கி வருகிறீர்கள். அது கூண்டின் மூலையில் போய் ஒடுங்குகிறது. நீங்கள் கையை மெல்ல உள்ளே விட்டு முதுகைத் தடவுகிறீர்கள். அது ஓடவில்லை, கத்தவில்லை, கடிக்கவில்லை. "எவ்வளவு சாது!" என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாட்கள் போகின்றன. அதே எலி அதே கையை ரத்தம் வரும்படி கடித்துவிடுகிறது. சாதுவான எலிக்கு என்ன வந்தது?

ஒன்றும் வரவில்லை. முதல் நாளும் அது சாதுவாக இல்லை. அன்று அதன் உடலைக் கூர்ந்து பார்த்திருந்தால் புரிந்திருக்கும். வயிறு தரையோடு ஒட்டியிருக்கும். விலா வேகமாக ஏறி இறங்கும். வழக்கமாக நொடிக்கு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் துழாவிக்கொண்டிருக்கும் மீசை அப்படியே நின்றிருக்கும். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இந்த நிலையை உறைதல் என்கிறார்கள். எலி வளர்ப்பவர்கள் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கும் அறிகுறி இதுதான். தடவலை எலி ரசிக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில், தன்னைப் பிடித்த விலங்கு எப்போது விடும் என்று அது காத்திருக்கிறது.

எலி கேட்கும் இரண்டு கேள்விகள்

ஆபத்து எதிரே வரும்போது எலி என்ன செய்யும் என்பதை ஹவாய் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்சார்ட், கரோலின் பிளான்சார்ட் தம்பதியர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கிச் சொன்னால், எலி இரண்டு விஷயங்களைக் கணக்கிடுகிறது. ஆபத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தப்பிக்க வழி இருக்கிறதா? வழி இருந்தால் ஓடும். வழி இல்லை, ஆபத்து இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது என்றால் உறைந்து நிற்கும். வழியும் இல்லை, ஆபத்தும் மேலே வந்து விழுந்துவிட்டது என்றால் திரும்பி நின்று கிறீச்சிடும். கடைசியில் பாய்ந்து கடிக்கும்.

ஓட்டம், உறைதல், கடி மூன்றும் ஒரே பயம் வெவ்வேறு தூரங்களில் எடுக்கும் வடிவங்கள். இது "கோபக்கார எலி", அது "பயந்தாங்கொள்ளி எலி" என்று நாம் பெயர் வைப்பதற்கு அதிகப் பொருள் இல்லை. பெரும்பாலான வீட்டு எலிகளின் கடி, ஓடவும் முடியாமல் உறைந்து நின்றும் பயனில்லாமல் போன பிறகு வருவது.

இந்தக் கணக்கில் கூண்டு மோசமான இடம். சுற்றிலும் கம்பி. வெளியே போக ஒரே கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் உங்கள் கை உள்ளே வருகிறது. கை நுழைந்த நொடியில் வழி அடைபடுகிறது, தூரமும் சுருங்கிவிடுகிறது. எலியின் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் மிக மோசமான விடையை நாம் தருகிறோம். அதுவும் அன்போடு தருகிறோம்.

பயந்த எலியை அமைதிப்படுத்துவதற்கான எல்லா நல்ல வழிமுறைகளும், கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், இந்த இரண்டு விடைகளையும் மாற்றும் முயற்சிகளாகவே இருக்கும்.

மேலிருந்து வரும் கை

எலியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. 2013இல் ஜெர்மனியில் டேமியன் வாலஸ், ஜேசன் கெர் உள்ளிட்ட மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், எலிகளின் தலையில் மிகச் சிறிய கேமராக்களைப் பொருத்தி, அவை ஓடியாடும்போது கண்கள் எப்படி அசைகின்றன என்று பதிவுசெய்தார்கள். நம் கண்கள் இரண்டும் சேர்ந்தே திரும்பும். எலியின் கண்களோ எதிரெதிர்த் திசைகளில்கூடத் திரும்பின. ஆனால் தலை எப்படிச் சாய்ந்தாலும் ஓர் இடம் மட்டும் எப்போதும் இரு கண்களின் பார்வைக்குள்ளும் இருந்தது. அது தலைக்கு நேர் மேலே உள்ள வெளி. ஆந்தையும் பருந்தும் வரும் திசை அது. அதே ஆண்டில் அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தலைக்கு மேல் ஒரு திரையில் கரிய வட்டம் ஒன்று விரிந்து பெரிதானபோது, அவை மறைவிடத்துக்கு ஓடின அல்லது உறைந்து நின்றன. யாரும் கற்றுத்தந்த பாடம் அல்ல அது.

கூண்டின் மேல்மூடியைத் திறந்து, மேலிருந்து கையை இறக்கி எலியை எடுப்பவர், தெரியாமலேயே அந்தக் கரிய வட்டத்தைத்தான் காட்டுகிறார். கூண்டைத் தரையில் வைத்திருந்தால் கை மட்டுமல்ல, மனிதரே மேலிருந்து கவிகிறார். கூண்டு நம் மார்பளவு உயரத்தில், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, பக்கவாட்டுக் கதவோடு இருப்பது நல்லது. கை பக்கத்திலிருந்து, தாழ்வாக, எலியின் கண்ணுக்குத் தெரியும்படி வரவேண்டும்.

எலியின் பார்வை மங்கலானது. கூர்மையில் நம்முடையதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். சிவந்த கண்ணுள்ள வெள்ளை எலிகளுக்கு அதைவிடவும் குறைவு. அவை தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பார்ப்பதைக் கண்டு சிலர் நோய் என்று பயப்படுவார்கள். தூரத்தை அளக்க அவை செய்யும் வேலை அது. மங்கலாகப் பார்க்கும் விலங்குக்கு வேகமான அசைவு எல்லாமே ஆபத்து. எனவே முதலில் குரல், பிறகு வாசனை, அதன் பிறகே கை என்ற வரிசையைப் பழக்குவது பலன் தரும்.

காதின் கதை வேறு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு ஒலி உலகம் முடிந்துவிடுகிறது. எலி 80,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு மௌனமாகத் தெரியும் அறையில் சில மின்கருவிகளும் கணினித் திரைகளும் எழுப்பும் மீயொலி அதற்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எலி பயந்தால் எழுப்பும் நீண்ட அபாயக் குரலும் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸில் இருப்பதால் நம் காதுக்கு எட்டாது. உங்கள் எலி வாய் திறந்து கத்தவில்லை என்பதால் அது கத்தவில்லை என்று ஆகாது.

மூக்கு இவை எல்லாவற்றையும்விடப் பழைய ஆவணங்களைப் படிக்கும். உணர்ச்சிகளின் மூளை அறிவியலில் பெரிய பெயரான யாக் பாங்க்செப், விளையாடிக்கொண்டிருந்த எலிக்குஞ்சுகளின் கூண்டில் கொஞ்சம் பூனை முடியை வைத்துப் பார்த்தார். விளையாட்டு அப்படியே நின்றது. முடியை எடுத்த பிறகும் பல நாட்கள் அந்தக் கூண்டில் அவை பழையபடி விளையாடவில்லை. பூனையையே கண்டிராத ஆய்வகக் குஞ்சுகள் அவை. பூனையைக் கொஞ்சிவிட்டு அதே சட்டையோடு எலிக்கூண்டைத் திறப்பவர், எலி ஏன் இன்று இப்படி நடந்துகொள்கிறது என்று வியக்க வேண்டியதில்லை.

மனிதரின் வாசனையும் எல்லாம் ஒன்றல்ல. கனடாவின் ஜெஃப்ரி மோகில் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் ஆய்வாளர்கள் அருகில் இருந்தபோது எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் கூடியது. ஆண்கள் அணிந்து கழற்றிய பனியனை வைத்தாலே அது நடந்தது. பெண்களின் உடைக்கு அந்த விளைவு இல்லை. நேரம் போகப் போக ஆண்களின் விளைவும் தணிந்தது. வீட்டில் அம்மாவிடம் வரும் எலி அப்பாவிடம் வர மறுத்தால் அதில் பாரபட்சம் தேட வேண்டாம். அப்பா கொஞ்ச நேரம் கூடுதலாகச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

முந்திக்கொள்ளும் மூளை

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜோசப் லடூ எலிகளில் செய்த ஆய்வுகள், பயம் மூளையில் போகும் பாதையை வரைந்து காட்டின. ஒலியோ உருவமோ புலன்வழி உள்ளே வந்ததும் இரண்டு தடங்களில் பயணிக்கிறது. ஒன்று பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றி, அது என்னவென்று ஆராய்ந்து செல்லும் தடம். மற்றது குறுக்கு வழியாக நேரே அமிக்டலா என்ற பாதாம் வடிவப் பகுதியை அடைவது. அது துல்லியம் குறைந்தது, ஆனால் வேகமானது. இருட்டில் கிடக்கும் கயிற்றைக் கண்டு நாம் முதலில் துள்ளிக் குதிப்பதும், பாம்பு இல்லை என்று பிறகு சிரிப்பதும் இந்த இரண்டு தடங்களின் வேலைதான்.

அமிக்டலா மணி அடித்ததும் நடுமூளை உடலை உறைய வைக்கிறது அல்லது ஓட வைக்கிறது. ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பி என்று செய்தி இறங்கி, கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. உறைதல் சில நொடிகளில் முடியலாம். ரத்தத்தில் ஏறிய ஹார்மோன் இறங்க நேரம் எடுக்கும். பயந்துபோன எலியை உடனே மீண்டும் எடுத்து "சமாதானம்" செய்வது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். அதைச் சமாதானப்படுத்துவது நம் கை விலகியிருக்கும் நேரம்.

இந்தப் பயம் ஒரு குறைபாடும் அல்ல. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய எலிகள் பூனை வாசனைக்கு அஞ்சுவதை விட்டுவிடுகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். மற்றபடி அவை நலமாகவே இருந்தன. ஆனால் அந்த ஒட்டுண்ணி இனப்பெருக்கச் சுழற்சியை முடிக்க, பூனையின் குடலுக்குள் போய்ச் சேரவேண்டும். பயத்தை இழந்த எலி அதற்கு வாகனமாகிறது. எலி இனம் இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்குப் பயமும் ஒரு காரணம்.

எல்லா எலிக்கும் ஒரே பயம் இல்லை

நாம் வளர்க்கும் எலி, சாக்கடைகளிலும் கிடங்குகளிலும் திரியும் பழுப்பு எலியின் வழித்தோன்றல். விக்டோரியா அரசியின் எலி பிடிப்பாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், வித்தியாசமான நிறமுள்ளவற்றைக் கொல்லாமல் வளர்த்து விற்றார். 1901இல் இங்கிலாந்தின் ஐல்ஸ்பரியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் சுண்டெலிக் கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. நாயை வீட்டில் பழக்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது நேற்று நடந்த விஷயம். காட்டு எலி தன் வழியில் புதிதாக வைத்த ஒரு பெட்டியைக் கண்டாலே நாட்கணக்கில் விலகிப் போகும். ஆய்வக எலியிடம் இந்தக் குணம் மிகவும் தேய்ந்திருக்கிறது என்று ஆய்வாளர் எஸ்.ஏ. பார்னெட் விரிவாக எழுதினார். தேய்ந்திருக்கிறதே தவிர அழியவில்லை. நீங்கள் கூண்டில் வைக்கும் புதிய தொட்டிலும் புதிய சோப்பு வாசனையும் ஒரு கூச்ச சுபாவமுள்ள எலிக்குப் பெரிய செய்திகள்.

பயத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டிய ஆய்வு ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் நடந்தது. நரிகளைப் பழக்கி உலகப் புகழ்பெற்ற திமித்ரி பெல்யாயேவின் நிறுவனத்தில், 1972 முதல் காட்டில் பிடித்த எலிகளை இரண்டு வழிகளாகப் பிரித்து இனப்பெருக்கம் செய்தார்கள். தேர்வு முறை எளிமையானது. கையுறை அணிந்த கை எலியை நெருங்கும். அதைப் பொறுத்துக்கொண்டவை ஒரு வரிசைக்கு, பாய்ந்தவை மற்றொரு வரிசைக்கு. பல தலைமுறைகள் கழித்து, ஒரு வரிசை எலிகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். மற்றதன் கூண்டருகே போகவே தயங்க வேண்டும். பழகிய வரிசைக்கு அட்ரினல் சுரப்பியே சிறியதாக இருந்தது. 2009இல் லைப்சிக் ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளை இனம்கண்டார்கள்.

பிறந்த முதல் நாட்களும் பேசுகின்றன. குட்டிப் பருவத்தில் தினமும் சிறிது நேரம் கையில் எடுக்கப்பட்ட எலிகள் வளர்ந்த பிறகு அழுத்தத்தை நன்கு தாங்குகின்றன என்று ஆய்வாளர் சீமோர் லெவின் 1957இல் எழுதினார். மான்ட்ரியாலின் மைக்கேல் மீனி குழு 1997இல் அதன் உள்விவரத்தைக் கண்டது. குட்டிகளை அதிகம் நக்கிச் சீராட்டும் தாயிடம் வளர்ந்தவை பயத்திலிருந்து விரைவில் மீள்கின்றன. 2004இல் இதே குழு, தாயின் நாக்கு குட்டியின் மூளையில் ஒரு மரபணுவின் மேல் படியும் வேதிக் குறிகளை மாற்றுவதைக் காட்டியது. பெற்ற தாயை மாற்றி வளர்ப்புத் தாயிடம் விட்டால், குட்டி வளர்ப்புத் தாயின் வழியிலேயே போயிற்று.

உங்களிடம் வந்த எலி நெரிசலான ஒரு பண்ணையில், ஓயாத பதற்றத்தில் இருந்த தாய்க்குப் பிறந்ததாக இருக்கலாம். அதன் பயத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. அந்த எலியும் பொறுப்பல்ல. நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. தாயைப் பிரிந்து வளர்ந்த எலிகளைப் பிறகு துணையும் பொருட்களும் நிறைந்த விசாலமான இடத்தில் வளர்த்தபோது, அழுத்தத்துக்கு அவை காட்டிய மிகையான எதிர்வினை தணிந்தது என்று மீனியின் குழுவே 2002இல் காட்டியது. தொடக்கம் மோசமாக இருந்தாலும் கதை அங்கேயே முடிவதில்லை.

பயம் அழிவதில்லை, மேலெழுதப்படுகிறது

மணியடித்து மின்னதிர்ச்சி தந்தால், எலி மணிக்கு அஞ்சக் கற்கிறது. பிறகு அதிர்ச்சி இல்லாமல் மணியை மட்டும் பலமுறை அடித்தால் பயம் குறைந்துபோகிறது. பழைய பாடம் அழிந்துவிட்டதா? இல்லை. இடத்தை மாற்றினால், நாட்கள் கழிந்தால், ஒரு முறை மீண்டும் அதிர்ந்தால், பழைய பயம் திரும்பி வருகிறது. "மணி ஆபத்து" என்ற பாடத்தின் மேல் "இங்கே மணி ஆபத்து இல்லை" என்ற புதுப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த "இங்கே" முக்கியம். சோபாவில் உங்கள் தோளில் ஏறும் எலி, கூண்டுக்குள் வரும் அதே கையைக் கண்டு ஏன் ஓடுகிறது என்ற புதிருக்கு விடை இதுதான். ஒவ்வோர் இடத்திலும் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த எலி ஒருநாள் பின்வாங்கினால் முயற்சி வீணானது என்று பொருளில்லை.

எலி வளர்ப்பவர்களிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. பயந்த எலியைக் கட்டாயமாக எடுத்து, அது போராடுவதை நிறுத்தும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் பழகிவிடும் என்பது ஒரு கட்சி. அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மறுகட்சி. முதல் முறையில் சில எலிகள் பழகுவது உண்மைதான். ஆனால் போராட்டம் நின்றதற்குக் காரணம் அமைதியா, உறைதலா என்று பிரித்தறியத் தெரியாதவர் கையில் அது கொடிய முறை.

இந்த விவாதத்துக்கு மிக வலுவான சான்று கொலராடோவின் ஸ்டீவன் மேயர் ஆய்வகத்தில் இருக்கிறது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே நேரம் மின்னதிர்ச்சி. ஓர் எலியின் முன் ஒரு சிறு சக்கரம். அதைச் சுழற்றினால் இருவருக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்ற எலியின் சக்கரத்துக்கு எந்தப் பலனும் இல்லை. வலி இருவருக்கும் சமம். ஆனால் பின்னால் பயமும் சோர்வும் பீடித்தது கட்டுப்பாடு இல்லாத எலியைத்தான். சக்கரத்தைச் சுழற்றி நிறுத்த முடிந்த எலியின் மூளையில், முன்பகுதி அந்த நிலைமையைத் தன்னால் மாற்ற முடிகிறது என்று உணர்ந்து, கீழே பதற்றத்தைக் கிளப்பும் பகுதியை அடக்கிவிடுகிறது என்று மேயர் குழு 2005இல் கண்டது. அப்படி ஒரு முறை கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிற்பாடு கட்டுப்படுத்த முடியாத துன்பத்தையும் நன்றாகத் தாங்கியது.

வீட்டுக்கு இதன் பாடம் தெளிவானது. எலியின் கையிலும் ஒரு சக்கரம் வேண்டும். அது விலகினால் உங்கள் கை நிற்க வேண்டும். அது ஒளிந்தால் நீங்கள் தேடிப் பிடிக்கக் கூடாது. "நான் போதும் என்றால் நிற்கிறார்கள்" என்று கற்ற எலிதான் அடுத்த முறை ஓர் அடி முன்னே வைக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் ஒளிந்துகொள்ள இடம். வாய் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், அட்டைப்பெட்டியில் இரண்டு வாசல் வெட்டலாம். இரண்டு வாசல் என்பது அவசியம். ஒரு வாசல் மட்டும் இருந்தால் மறைவிடமே பொறியாகிவிடும். அந்த இடத்துக்குள் இருக்கும் எலியை ஒருபோதும் வெளியே இழுக்காதீர்கள். கட்டாயம் எடுத்தாக வேண்டிய நாளில் பெட்டியோடு தூக்குங்கள்.

இரண்டாவது, துணை. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பழமொழி. வளை வேண்டும் என்ற பாதி சரி. தனி என்ற பாதியை எலி ஒப்புக்கொள்ளாது. கூட்டமாக வாழும் விலங்கு அது. பயப்படாத ஒரு தோழன் பக்கத்தில் இருந்தால் பயந்த எலியின் உறைதலும் ஹார்மோனும் குறைகின்றன என்று டோக்கியோவின் யசுஷி கியோகவா தொடர்ந்து காட்டிவருகிறார். ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு எலிகளாவது சேர்ந்து வாழட்டும். அதில் ஒன்று துணிந்ததாக இருந்தால் உங்கள் வேலையில் பெரும்பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு தோழனின் மூச்சில் வீசும் வாசனையைக் கொண்டே எது தின்னத் தகுந்தது என்று எலிகள் கற்கின்றன என்பதை மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பென்னட் கேலஃப் நிறுவினார். எலியால் வாந்தி எடுக்க முடியாது. எனவே முன்பின் தெரியாத தீனியை அது முதலில் தோழனிடம் சோதித்துக்கொள்கிறது.

மூன்றாவது, உணவு. கடலையையோ பிஸ்கட் துண்டையோ கொடுத்தால் எலி பறித்துக்கொண்டு மறைவிடத்துக்கு ஓடிவிடும். அது கற்றுக்கொண்டது திருடி ஓடுவதை மட்டுமே. சிறு கரண்டியில் கொஞ்சம் தயிரோ மசித்த வாழைப்பழமோ வைத்து நீட்டுங்கள். தூக்கிப்போக முடியாததால் நின்று நக்கவேண்டும். அந்தச் சில நொடிகளில் உங்கள் வாசனை, குரல், நல்ல உணவு மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. தொடக்கத்தில் விரலில் தடவிக் கொடுக்க வேண்டாம். உணவு எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்பதை மங்கலாகப் பார்க்கும் எலி தவறாகக் கணிக்கும். அந்தி சாய்ந்த பிறகு இதைச் செய்யுங்கள். அது விழித்திருக்கும் நேரம் அது. ஒவ்வொரு முறையும் எலி விலகுமுன் நீங்கள் நிறுத்துங்கள்.

கரண்டிக்கு வரத் தொடங்கிய எலியை, கூண்டுக்கு வெளியே சிறிய, மூடிய ஓர் இடத்தில் சந்திக்கலாம். சந்துபொந்துகளும் திறந்த நீரும் இல்லாத சிறு அறை போதும். கூண்டைத் திறந்துவைத்துத் தரையில் உட்காருங்கள். எலியைத் தொட முயலாதீர்கள். உங்களை அது மோப்பம் பிடிக்கட்டும், மேலே ஏறட்டும், ஓடிப்போகட்டும், திரும்பி வரட்டும். எடுக்கும் நேரம் வரும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, மற்றது பின்புறத்துக்குக் கீழே. வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வால் தோல் உரிந்து வந்துவிடும். கையால் பிடிக்க இன்னும் அஞ்சினால், ஒரு குழாயில் ஏறவிட்டுக் குழாயோடு தூக்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் பதற்றமாக இருப்பதையும், குழாயில் தூக்கப்பட்டவை மனிதரை நாடி வருவதையும் லிவர்பூல் ஆய்வு ஒன்று 2010இல் காட்டியது.

விளையாட்டு இதற்கெல்லாம் பிறகு. எலிகளைக் கிச்சுக்கிச்சு மூட்டிக் கூசவைத்தால் ஏறத்தாழ 50,000 ஹெர்ட்ஸில் ஒரு வகைக் கீச்சொலி எழுப்புகின்றன என்று 1990களின் பிற்பகுதியில் பாங்க்செப் கண்டார். குட்டிகள் தங்களுக்குள் விளையாடும்போதும் அதே ஒலி. நாளுக்கு 15 நொடி வீதம் மூன்று நாட்கள் கூசவைத்தாலே ஆய்வக எலிகள் மனிதக் கையை ஏற்கத் தொடங்குகின்றன என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு 2018இல் கூறியது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெர்லினில் ஆய்வாளர்கள் இஷியாமா, பிரெக்ட் இருவரும் 2016இல், உயரமான மேடையில் பிரகாசமான வெளிச்சத்தில் நிறுத்திய எலியைக் கூசவைத்தபோது அந்தக் கீச்சொலி வரவில்லை. தொடுகையை உணரும் நரம்பணுக்களின் துடிப்பும் தாழ்ந்தது. பயத்தில் இருக்கும் எலியை விளையாட்டால் மாற்ற முடியாது. அது உங்கள் கையைத் துரத்தத் தொடங்கிய பிறகே கூசவைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

பழகிய எலி திடீரென்று அஞ்சத் தொடங்கினால், மனத்தைத் தேடுமுன் உடலைத் தேடுங்கள். வலியுள்ள விலங்கு கையைத் தவிர்க்கும். கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாக ஏதாவது படிந்திருந்தால் அது பெரும்பாலும் ரத்தம் அல்ல. கண்ணின் பின்னால் உள்ள ஒரு சுரப்பி வெளியிடும் செந்நிறப் பொருள். அழுத்தத்திலும் நோயிலும் அது பெருகும். மூச்சில் களகளவென்ற சத்தம், சிலிர்த்தபடியே இருக்கும் முடி, வளைந்த முதுகு இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். மூச்சுக்குழல் நோய் எலிகளில் மிகச் சாதாரணம், விரைவாகவும் முற்றும். கடிபட்டவர் காயத்தை சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நல்ல அறிகுறிகளும் உண்டு. கூசவைத்து மகிழ்ந்திருந்த எலிகளின் காது தளர்ந்து இளஞ்சிவப்பாக இருந்ததை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் பதிவுசெய்தார்கள். பல்லை மெல்ல அரைத்து, கண்ணை உள்ளும் வெளியும் துடிக்கவிடுவது பெரும்பாலும் சுகத்தின் அடையாளம். உங்கள் முன்னால் முகம் கழுவிக்கொள்வதும், முதுகைக் காட்டிக்கொண்டு தின்பதும், கையெட்டும் தூரத்தில் கால் நீட்டித் தூங்குவதும் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆபத்து அருகில் இருக்கிறது என்று நினைக்கும் எலி இவற்றில் ஒன்றையும் செய்யாது.

எல்லா எலியும் மடியில் தூங்கும் எலியாக மாறாது. எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். அதற்குள் சில எலிகள் கரண்டிவரை மட்டுமே வரும். அதையும் வெற்றியாகவே எண்ண வேண்டும். தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அது பயமில்லாமல் கழிக்கிறதா என்பதே கேள்வி, நம் தோளில் ஏறுகிறதா என்பதல்ல.

எலியின் பயத்தைப் பற்றி அறிவியல் இவ்வளவு அறிந்திருப்பது எண்ணற்ற எலிகளைப் பயமுறுத்தித்தான். மின்னதிர்ச்சியும், தாயைப் பிரிப்பதும், பூனை வாசனையும் அந்த அறிவின் விலை. அந்த விலையைக் கொடுத்த எலிகளுக்கு நம்மால் இனி எதுவும் செய்ய முடியாது. அவை கற்றுத்தந்ததை நம் வீட்டுக் கூண்டில் இருக்கும் எலிக்காவது பயன்படுத்துவோம். கையை நீட்டுமுன் அது தப்பிப்பதற்கான வழியைத் திறந்து வையுங்கள்.